ஈயத்தில் வரி வார்த்தவர்: ஒட்மார் மேர்கெந்தாலர்

வாசகரே, பத்திரிகை ஒன்றைக் கையிலெடுத்தால் முதலில் எதைத் தேடுகிறீர்கள்? சிலர் தலைப்புச் செய்தியை, சிலர் மரண அறிவித்தலை, சிலர் பரீட்சைப் பெறுபேற்றை. அந்த வரிகளில் எழுத்துகள் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன என்று நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று கணினித் திரையில் தட்டினால் எழுத்து விழுந்துவிடுகிறது. உங்கள் தகப்பனார் காலத்திலும் பாட்டனார் காலத்திலும் அப்படியிருக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஈயத் துண்டாயிருந்தது. அதை ஒருவர் கையால் எடுத்து வைத்தார். அல்லது ஓர் இயந்திரம் கொதிக்கும் ஈயத்திலிருந்து வரி வரியாக வார்த்துக் கொடுத்தது.

அந்த இயந்திரத்தின் பெயர் லைனோரைப். ஒரு வரி முழுவதும் ஒரே கட்டையாக வருவதால் அந்தப் பெயர். அதை உருவாக்கியவர் ஒட்மார் மேர்கெந்தாலர் என்னும் ஜேர்மனியர். அச்சுத் தொழிலை அறிந்தவர்கள் அவரைக் கூட்டன்பேர்க்கிற்கு அடுத்ததாக வைத்துப் பேசுவார்கள். அப்படிப் பேசப்பட்டவர் நாற்பத்தைந்து வயதில், நெஞ்சு நோயால் உருக்குலைந்து, தாம் பெற்ற இயந்திரத்தின் மீதே அதிகாரம் இழந்தவராய் மறைந்தார். அவருடைய கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

உபாத்தியாயரின் மகன்

ஜேர்மனியின் தென்பகுதியில் வூர்ட்டெம்பேர்க் நாட்டில் ஹாக்ரெல் என்று ஒரு சிற்றூர். அங்கே 1854ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி ஒட்மார் பிறந்தார். தகப்பனார் கிராமப் பாடசாலை உபாத்தியாயர். உபாத்தியாயர் வீட்டில் மரியாதை இருந்தது, பணம் இருக்கவில்லை. சிறு வயதிலேயே தாயாரை இழந்தார். பின்னர் குடும்பம் என்சிங்கன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் வீட்டு வேலையும் தோட்ட வேலையும் செய்யவேண்டும். ஒட்மாரும் செய்தார்.

தம்மைப் போலவே மகனும் உபாத்தியாயராக வேண்டும் என்பது தகப்பனாரின் விருப்பம். மகனின் மனமோ கருவிகளையும் பற்சில்லுகளையும் நாடியது. நெடுநாளாக ஓடாமல் நின்றிருந்த ஊர் மணிக்கூட்டைச் சிறுவனாயிருந்தபோதே அவர் திருத்தி ஓடவைத்தார் என்று சொல்வார்கள். இறுதியில் தகப்பனார் இணங்கினார். பதினான்கு வயதில் ஒட்மார் பீற்றிக்ஹைம் நகரில் மணிக்கூடு திருத்தும் தொழிலைப் பழகச் சென்றார். அங்கே அவருக்குக் குருவாக அமைந்தவர் சிற்றன்னையின் சகோதரர் லூயி ஹால். பகலில் பட்டறை, ஓய்வு நேரத்தில் தொழில்நுட்ப வரைதல் வகுப்பு. மயிரிழை அளவு பிசகினாலும் மணிக்கூடு நின்றுவிடும் என்ற பாடம் அவர் கைகளில் அங்கேதான் பதிந்தது. அவரது வாழ்நாள் முழுவதற்கும் அதுவே பாடமாயிற்று. பிற்காலத்தில் பணக்காரரோடு அவரை மோத வைத்ததும் அதுவே.

கடல் கடந்து

பிரான்சுடன் நடந்த யுத்தத்துக்குப் பின் ஜேர்மனியில் தொழில் தேடிய இளைஞர் மிகப் பலர். கட்டாய இராணுவ சேவையும் எதிரே நின்றது. லூயி ஹாலின் மகன் ஓகஸ்ற் ஹால் அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் நுண்கருவிப் பட்டறை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஒட்மார் அவருக்குக் கடிதம் எழுதிப் பயணச் செலவைக் கடனாகக் கேட்டார். உழைத்துத் தீர்ப்பதாக உறுதி கொடுத்தார். 1872ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், அவர் கப்பலேறிப் பால்ரிமோர் துறைமுகத்தில் வந்திறங்கினார்.

ஹாலின் பட்டறையில் காற்றின் வேகத்தையும் மழையின் அளவையும் அளக்கும் கருவிகள் அரசாங்கத்துக்காகச் செய்யப்பட்டன. இன்னொரு வேலையும் அங்கு வந்தது. அந்நாட்களில் ஒரு புதுக் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பத்திரம் கேட்பவர் அதன் சிறு மாதிரியையும் செய்து கொடுக்கவேண்டும். ஆகவே நாட்டின் பல பாகங்களிலிருந்தும் கண்டுபிடிப்பாளர்கள் தங்கள் கனவுகளைக் காகிதத்தில் வரைந்துகொண்டு பட்டறைக்கு வந்தார்கள். அவற்றை உலோகத்தில் உருவாக்கிக் கொடுப்பது ஒட்மாரின் வேலையாயிற்று. எந்தக் கனவு இயங்கும், எது இயங்காது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் ஆற்றல் அவருக்கு இப்படித்தான் வந்தது. பின்னர் பட்டறை பால்ரிமோருக்கு மாறியபோது அவரும் கூடச் சென்றார். 1878இல் அமெரிக்கப் பிரஜையானார். 1881இல் எம்மா லாக்கென்மையர் என்ற பெண்ணை மணந்து குடும்பஸ்தரானார்.

கையால் கோத்த காலம்

கதையைத் தொடருமுன், அக்காலத்து அச்சுக்கூடத்துக்குள் உங்களை ஒருமுறை அழைத்துச் செல்லவேண்டும். நம்மவரில் வயது முதிர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாயிராது. சிறு தமிழ் அச்சகங்களில் இது மிக அண்மைக் காலம் வரை இருந்ததே.

சாய்ந்த மேசை மீது அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டி. ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. அதன் முன்னே அச்சுக் கோப்பவர் நிற்கிறார். இடது கையில் ஸ்ரிக் என்னும் சிறு கருவி; வலது கை அறைகளுக்கும் ஸ்ரிக்குக்குமாகப் பறக்கிறது. எழுத்துகள் யாவும் கண்ணாடியில் தெரிவது போலப் புரண்டிருக்கும். அவற்றைத் தலைகீழாகவே படிக்கப் பழகவேண்டும். வரி நிறைந்ததும் சொற்களுக்கிடையே மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகி, ஓரங்கள் நேராக நிற்கும்படி இறுக்கவேண்டும். பின்பு அடுத்த வரி.

பத்திரிகை அச்சாகி முடிந்தாலும் வேலை முடியாது. கோத்த எழுத்துகள் அனைத்தையும் கழுவி, ஒவ்வொன்றாகப் பிரித்து, அததன் அறையில் திரும்பப் போடவேண்டும். நாளைய பத்திரிகைக்கும் அதே எழுத்துகள் தேவை. கோப்பதற்கு ஒரு நேரம், பிரிப்பதற்கு ஒரு நேரம். கூட்டன்பேர்க் தொடங்கி நானூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் இப்படித்தான் அச்சடித்தது. நீராவியால் ஓடும் அச்சு இயந்திரங்கள் வந்துவிட்டன; தந்தி வந்துவிட்டது; எழுத்துக் கோப்பது மாத்திரம் கைவேலையாகவே நின்றது. ஆகவே பெரிய நகரத்து நாளேடுகளும் எட்டுப் பக்கங்களைத் தாண்டுவது அரிதாயிருந்தது.

காற்றோட்டமற்ற அறைகளில், விளக்குப் புகைக்கும் ஈயத் தூசுக்கும் நடுவே, இராத்திரி வேளைகளில் நின்றபடியே உழைத்த அத்தொழிலாளரிடையே காசநோய் மிகுந்திருந்தது. அமெரிக்க அச்சுத் தொழிலாளர் சங்கம் நோயுற்ற, வயது முதிர்ந்த தன் அங்கத்தவர்களுக்காக 1892இல் கொலராடோ ஸ்பிறிங்ஸ் நகரில் ஓர் இல்லத்தையே திறந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு தொடர்ந்து வாசியுங்கள்.

தோல்விகளின் பள்ளி

1876ஆம் ஆண்டு ஹாலின் பட்டறைக்கு ஓர் இயந்திரம் திருத்த வந்தது. அதைச் செய்தவர் சார்ள்ஸ் மூர். அவருக்குப் பின்னால் நின்றவர் வாஷிங்டனில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஜேம்ஸ் கிளெஃபேன். நீதிமன்ற நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் எடுத்து, அவற்றை விரைவாக அச்சிற் காணவேண்டும் என்பது கிளெஃபேனின் தவிப்பு. ரைப்ரைட்டர் உருவாகிக்கொண்டிருந்த நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாக அதன் மாதிரிகளைத் தட்டித் தட்டி உடைத்து, குறை சொல்லிச் சொல்லி, அதைச் செய்தவர்களை நல்ல இயந்திரம் செய்ய வைத்தவரும் இவரே.

மூரின் இயந்திரம் ஒரு நாடாவில் எழுத்துகளைப் பதித்து, அதைக் கல்லச்சுக்கு மாற்ற முயன்றது. மேர்கெந்தாலர் அதை ஆராய்ந்து குறைகளைக் கண்டார், திருத்திச் செய்தார். இயந்திரம் ஓடியது, அச்சோ தெளிவாக வரவில்லை. அடுத்து, ஈரக் காகிதக் கூழில் எழுத்துகளை அழுத்தி அந்தப் பள்ளத்தில் ஈயம் ஊற்றலாம் என்று கிளெஃபேன் யோசனை சொன்னார். மேர்கெந்தாலருக்கு அதில் நம்பிக்கை குறைவு. எனினும் செய்து பார்த்தார். சூடான ஈயத்தோடு காகிதம் ஒட்டிக்கொண்டது. மாதக்கணக்கான உழைப்பு வீணாயிற்று. 1879 அளவில் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

மேர்கெந்தாலர் வேறு வேலைகளைப் பார்த்துக்கொண்டார். ஆனால் உள்ளத்தில் அந்தக் கேள்வி அணையவில்லை. 1883இல் பால்ரிமோரில் சொந்தப் பட்டறை திறந்தார். கிளெஃபேனும் விடவில்லை, திரும்பவும் வந்தார். வாஷிங்டன் சட்டத்தரணி ஒருவரைத் தலைவராகக் கொண்டு பணம் போட ஒரு கம்பனியும் அமைந்தது.

அச்சை அசைத்தவர்

அந்தக் காலத்தில் எழுத்துக் கோக்கும் இயந்திரம் செய்ய முயன்றவர்கள் பலர். அநேகமாக எல்லாரும் மனிதக் கையைப் பின்பற்றவே பார்த்தார்கள். ஆயத்தமாயுள்ள ஈய எழுத்தை எடுப்பது, வைப்பது, பின்பு பிரிப்பது. ஜேம்ஸ் பேஜ் என்பவர் அப்படி ஓர் அற்புத இயந்திரம் செய்தார். அதில் சுமார் 18,000 பாகங்கள் இருந்தன. ஓடும்போது பார்ப்பவர் வியந்தார்கள். ஆனால் அடிக்கடி பழுதாகி நின்றது. பெயர் பெற்ற எழுத்தாளர் மார்க் துவைன் தாமே இளவயதில் அச்சுக் கோத்தவர். அவர் அதை நம்பித் தம் செல்வத்தையும் மனைவியின் செல்வத்தையும் கொட்டி, 1894இல் கடனாளியாகி வங்குரோத்தானார்.

மேர்கெந்தாலர் வேறு வழியில் சிந்தித்தார். எழுத்தை ஏன் அசைக்கவேண்டும்? எழுத்தை வார்க்கும் அச்சை அசைத்தால் என்ன? எழுத்தின் உருவம் குழிவாகப் பதிந்த சிறு பித்தளை அச்சுகளை வரிசையாக நிறுத்தி, அந்த வரிசையின் மீது ஈயத்தைப் பாய்ச்சினால் ஒரு வரி ஒரே கட்டையாக வந்துவிடும். வேலை முடிந்தபின் அந்தக் கட்டையைப் பிரிக்கத் தேவையில்லை, உருக்கிவிடலாம். நாளைக்குப் புது ஈயம், புது எழுத்து. கோப்பதும் வார்ப்பதும் ஒரே இயந்திரத்தில். இந்த எண்ணம் ரயிற் பிரயாணம் ஒன்றின்போது அவருக்கு உதித்ததாகக் கூறுவர். மணிக்கூட்டுத் தொழிலாளி கண்ட விடை இது. நானூறு ஆண்டுப் பழக்கம் ஓர் எண்ணத்தால் திரும்பியது.

1884இல் முதல் உரிமைப் பத்திரங்கள் கிடைத்தன. 1885இல் வாஷிங்டனில் இயந்திரத்தைக் காண்பித்தபோது கம்பனிக்காரர் மகிழ்ந்து விருந்து வைத்தார்கள். எல்லாரும் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. அந்த மாதிரியில் எழுத்துகள் நீண்ட கம்பிகளில் வரிசையாக இருந்தன. ஓர் எழுத்துப் பிழைத்தால் திருத்துவது கடினம். ஆகவே பாராட்டுப் பெற்ற அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனிப் பித்தளை அச்சு என்ற முறையில் மீண்டும் தொடங்கினார்.

1886ஆம் ஆண்டு யூலை மாதம் 3ஆம் திகதி நியூயோர்க் ரிபியூன் பத்திரிகையின் அச்சுக் கோப்பறையில் அந்த இயந்திரம் வேலைக்கு இறங்கியது. உலகில் ஒரு நாளேட்டுக்காக லைனோரைப் வரி வார்த்தது அதுவே முதல் தடவை. பத்திரிகையின் அதிபர் வைற்லோ றீட். வரியாக வந்த எழுத்தைக் கண்டு பெயர் வைத்தவரும் அவரே.

இயந்திரம் எவ்வாறு வேலை செய்தது?

ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இரும்புக் கூடு. அதன் முன்னே 90 விசைகள் கொண்ட பலகை. மேலே சாய்வான பெட்டியில், கால்வாய் கால்வாயாகப் பித்தளை அச்சுகள். இயக்குபவர் ஒரு விசையைத் தொட்டதும் அந்த எழுத்தின் அச்சு வழுக்கி இறங்கி வரிசையில் வந்து நிற்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி வேண்டுமே. அங்கே ஆப்புப் போன்ற எஃகுத் துண்டு விழும். வரி நிறைந்ததும் ஒரு நெம்பு கோலை உயர்த்தினாற் போதும். மிகுதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

ஆப்புகள் கீழிருந்து மேலே தள்ளப்பட, இடைவெளிகள் சமமாக விரிந்து வரி இரு ஓரமும் நேராகும். பக்கத்திலுள்ள பாத்திரத்தில் ஈயம், அந்திமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்து சுமார் 285 பாகை சென்ரிகிறேட் சூட்டில் உருகி நிற்கும். ஓர் அழுத்தத்தில் அது அச்சுகளின் மீது பாயும், கணத்தில் உறையும். ஓரம் சீவப்பட்டுப் பளபளக்கும் வரிக்கட்டை ஒன்று தட்டில் வந்து விழும். தொட்டால் சுடும்.

அதன்பின் நடப்பதே பார்ப்பவரை மயக்குவது. மேலிருந்து ஒரு நீண்ட கை இறங்கி, பித்தளை அச்சுகளைத் தூக்கிச் சென்று, பல் வெட்டிய ஒரு சட்டத்தில் தொங்கவிடும். ஒவ்வோர் எழுத்தின் அச்சிலும் பற்களின் அமைப்பு வேறு வேறு; பூட்டுக்கு ஒரு திறப்பு என்பது போல. சட்டத்தின் வழியே நகர்ந்து செல்லும் அச்சு, தன்னைத் தாங்கும் பற்கள் முடியுமிடத்தில் தானாகக் கழன்று, தன் கால்வாயிலேயே விழும். மனிதர் மணிக்கணக்காகச் செய்த பிரிக்கும் வேலையை இயந்திரம் எவர் கையும் படாமல் செய்தது. இதற்கிடையில் இயக்குபவர் அடுத்த வரியைத் தட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் இருந்தபடியே நான்கைந்து பேரின் வேலையைச் செய்தார்.

சிற்றூர்ப் பத்திரிகை உருவான விதம்

பெரிய நகரத்தில் தொடங்கிய இந்த இயந்திரம் இருபதாம் நூற்றாண்டில் சிறிய ஊர்களின் வாரப் பத்திரிகைகளுக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் பத்திரிகை வெளிவரும் நாளை மனக்கண்முன் கொண்டு வாருங்கள்.

ஆசிரியர் எழுதிய தாள்கள் இயக்குபவரின் கண்ணெதிரே செருகியிருக்கும். ஊர்ச் சபைக் கூட்டம், கலியாணம், மரணம், சந்தை விலை. விசைப் பலகை தட்டும் ஓசை, பித்தளை விழும் கலகலப்பு, சூடான உலோகத்தின் மணம். ஈயப் பாளம் ஒன்று சங்கிலியில் தொங்கி, பாத்திரத்தில் சிறுகச் சிறுக இறங்கி உருகும். வரிக்கட்டைகள் கேலி என்னும் நீண்ட தட்டில் அடுக்கப்படும். மை தடவி ஒரு பிரதி எடுத்து ஒப்புநோக்குபவரிடம் கொடுப்பார்கள்.

இங்கே ஒரு சங்கடம். ஓர் எழுத்துப் பிழைத்தால் அந்த எழுத்தை மாத்திரம் மாற்ற முடியாது. முழு வரியையும் மீண்டும் தட்டி, மீண்டும் வார்த்து, பிழையான கட்டையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவேண்டும். அவசரத்தில் சரியான வரியை எடுத்துவிட்டுப் பிழையான வரியை விட்டுவிடுவதும் உண்டு. தட்டும்போதே பிழை தெரிந்தால், இயக்குபவர் விசைப் பலகையின் இடது ஓரத்து இரு நிரல்களில் விரலை ஓட்டி வரியை நிரப்பிவிடுவார், பின்னர் எறிந்துவிடலாம் என்று. எறிய மறந்த நாட்களில் ஆங்கிலப் பத்திரிகைகளில் எற்றாஒயின் ஷர்ட்லு என்ற பொருளற்ற சொற்கள் செய்தியின் நடுவே தோன்றி வாசகரைத் திகைக்க வைத்தன. ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்துகளின் ஒழுங்கு அது.

திருத்தம் முடிந்ததும் மட்டமான ஒரு கல்மேசை மீது, இரும்புச் சட்டத்துக்குள் பக்கத்தை அமைப்பார்கள். பக்கம் கட்டுபவர் எல்லாவற்றையும் புரண்ட எழுத்திலேயே வாசிப்பார். இடம் மிஞ்சினால் மெல்லிய ஈயத் தகடு; இடம் போதாவிட்டால் செய்தியின் வால் வெட்டப்படும். மரப்பலகை வைத்துச் சுத்தியலால் தட்டி மேற்பரப்பைச் சமன் செய்து, ஆப்பிட்டு இறுக்கினால் பாரம் ஆயத்தம். சிற்றூர்ப் பத்திரிகை அந்தப் பாரத்திலிருந்தே நேராக அச்சாகும். பெரிய நாளேடுகளோ பக்கத்தின் மீது கனத்த காகித அட்டையை அழுத்தி அச்செடுத்து, அதில் வளைந்த ஈயத் தகடு வார்த்து, சுழலும் இயந்திரங்களில் பூட்டின.

பத்திரிகை வீடுகளுக்குப் போனபின் பாரத்தைக் குலைத்து, வரிக்கட்டைகளை உருக்கும் பாத்திரத்தில் கொட்டுவார்கள். இந்த வாரத்துக் கலியாணமும் மரணமும் ஒன்றாய் உருகி அடுத்த வாரத்துச் செய்தியாகும்.

வேலை இழந்தவர்கள்

வாசகரே, இந்த இயந்திரத்தின் கதையில் மறைக்கக்கூடாத பக்கம் ஒன்றுண்டு. ஓர் இயந்திரம் நான்கைந்து பேரின் வேலையைச் செய்தால் மற்றவர்களின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், பொருளாதாரமும் நலிந்திருந்த வேளையில், பெட்டியின் முன் நின்று முதுமையடைந்த பலர் வேலை இழந்தார்கள். புதிய விசைப் பலகையைப் பழக எல்லாருக்கும் வயது இடங்கொடுக்கவில்லை. இளமையில் பழகிய தொழில் கண்முன்னே மதிப்பிழப்பதைப் பார்ப்பது எளிதான காரியமா?

அச்சுத் தொழிலாளர் சங்கம் இயந்திரத்தை உடைக்கப் புறப்படவில்லை. இயந்திரம் வரட்டும், அதில் அமர்பவர் தொழில் கற்ற அச்சுக் கோப்பாளராகவே இருக்கவேண்டும், சம்பளமும் நேரமும் நியாயமாயிருக்கவேண்டும் என்று கேட்டுப் போராடியது. பெருமளவில் வெற்றியும் பெற்றது. அச்சுச் செலவு குறையவே பத்திரிகைகளின் பக்கங்கள் பெருகின. புதிய பத்திரிகைகள் தோன்றின. காலப்போக்கில் வேலையும் பெருகியது. ஆயினும் இடையில் வீழ்ந்தவர்களுக்குப் பிற்கால வளர்ச்சி ஆறுதல் தந்திராது. புதுமை வரும் ஒவ்வொரு காலத்திலும் இந்தக் கேள்வி எழும்; நம் காலத்திலும் எழுகிறது.

முடியாத வேலையும் முடிந்த வாழ்வும்

மேர்கெந்தாலருக்கும் கம்பனிக்கும் இடையே எழுந்த பிணக்குக்கு வருவோம். பெரிய பத்திரிகை அதிபர்கள் சேர்ந்து கம்பனியைத் தம் கைக்குள் கொண்டுவந்தார்கள். வைற்லோ றீட் அவர்களின் தலைவர். இயந்திரங்களை விரைவாகச் செய்து தமது பத்திரிகைகளில் நிறுத்தவேண்டும் என்பது அவர்கள் அவசரம். குறைகள் இன்னும் இருக்கின்றன, திருத்தியபின் பெருக்குவோம் என்பது மேர்கெந்தாலரின் பிடிவாதம். ரிபியூனில் நின்ற முதல் இயந்திரத்தில் பித்தளை அச்சுகளைக் காற்று ஊதி நகர்த்தியது. அதைவிட எளிய வழி உண்டு என்று அவருக்குத் தெரியும். பணம் போட்டவருக்கு அது ஓடும் இயந்திரம். செய்தவருக்கு அது முடியாத வேலை. 1888இல் அவர் கம்பனியிலிருந்து விலகினார். அதே ஆண்டு நெஞ்சுக்கூட்டு அழற்சியால் படுக்கையில் விழுந்தார்.

எழுந்ததும் மறுபடியும் பட்டறைக்குப் போனார். முந்திய இயந்திரத்தை ஏறக்குறைய முழுதாகவே மாற்றி, அச்சுகள் தம் பாரத்தாலேயே இறங்கும்படி அமைத்து, 1890இல் புதிய லைனோரைப்பை வெளிக்கொணர்ந்தார். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய இயந்திரங்கள் எல்லாம் இதன் வழிவந்தவையே. கம்பனியும் அதையே ஏற்றுக்கொண்டது. பிலடெல்பியாவின் பிராங்கிளின் நிறுவனம் அவருக்குப் பதக்கம் வழங்கியது. எனினும் இயந்திரத்தின் உரிமைப் பங்கு, அதைச் செய்யும் பொறுப்பு, அதற்குரிய புகழ் ஆகியவற்றில் கம்பனி தமக்கு நீதி செய்யவில்லை என்ற மனத்தாங்கல் அவரைக் கடைசிவரை விடவில்லை.

1894இல் வைத்தியர்கள் காசநோய் என்று சொன்னார்கள். அச்சுக் கோப்பறைகளில் எத்தனையோ தொழிலாளரைத் தின்ற அதே நோய். வரண்ட காற்று நல்லது என்று அறிசோனாவுக்கும், பின் நியூ மெக்சிக்கோவிலுள்ள டெமிங் என்ற ஊருக்கும் சென்றார். அங்கிருந்தபடியே தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1897இல் அவர் இருந்த வீடு தீப்பற்றியது. எழுதிய தாள்களும் கடிதங்களும் சாம்பலாயின.

வேறொருவராயின் அத்தோடு விட்டிருப்பார். அவர் பால்ரிமோருக்குத் திரும்பி, நோய்ப் படுக்கையில் கிடந்தபடி, மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கினார். 1898இல் அந்த நூல் வெளிவந்தது. தம்மைப் பற்றி மூன்றாம் ஆள் போலவே அதில் எழுதியிருக்கிறார். 1899ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 28ஆம் திகதி காலமானார். பால்ரிமோரிலுள்ள லவுடன் பார்க் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப் பின்

ஐந்து ஆண்டுகளுக்குள், 1904 அளவில், சுமார் 10,000 லைனோரைப் இயந்திரங்கள் உலகில் ஓடிக்கொண்டிருந்தன. பின்னர் ஒளியால் எழுத்துப் பதிக்கும் முறையும் கணினியும் வந்தன. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை 1978 யூலை 2ஆம் திகதி இதழைத்தான் கடைசியாக ஈய வரிகளில் கோத்தது. அன்று அந்த இயந்திரங்களின் முன் இருந்தவர்களும், தங்கள் தொழில் கண்முன்னே முடிவதைப் பார்த்தார்கள். மரப்பெட்டியின் முன் நின்றவர்களுக்கு லைனோரைப் செய்ததைக் கணினி லைனோரைப்காரருக்குச் செய்தது.

பால்ரிமோரில் இளைஞர் தொழில் பயிலும் உயர்பாடசாலை ஒன்று மேர்கெந்தாலரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறந்த ஊராகிய ஹாக்ரெல்லில் அவருக்கு ஒரு நினைவு அருங்காட்சியகம் உண்டு. பணம் போட்டவர்களின் பெயர்களை இன்று தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள், வாசகரே. பாராட்டுப் பெற்ற மாதிரியை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினார். விற்கக்கூடிய இயந்திரத்தை மாற்றிச் செய்தார். எரிந்துபோன நூலைத் திரும்ப எழுதினார். ஓர் எழுத்துப் பிழைத்தால் முழு வரியையும் உருக்கி வார்க்கவேண்டும் என்ற கடுமையான சட்டத்தை உலகத்து அச்சுக் கோப்பறைகளுக்குக் கொடுத்தவர், அதே சட்டத்தைத் தமது வேலைக்கும் வாழ்வுக்கும் வைத்துக்கொண்டார். பரீட்சைத் தாளோ, தச்சு வேலையோ, வயல் வேலையோ, இது போதும் என்று மனம் சொல்லும் இடத்தில் இன்னொரு முறை பார்த்துத் திருத்தும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வருமானால் அதுவே அவர்களுக்கு நாம் வைத்துப்போகும் பெரிய முதுசம்.